திருமங்கலத்தில் இருந்து போய்வர எந்த ஏ.ஏ. கூட்டம் சரிப்படும்?

கப்பலூர் வாசி கேட்டது:

வணக்கம். அக்கா வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன். வயது 41. கப்பலூர் சிட்கோவில் லேத் ஆபரேட்டர், வீடு திருமங்கலம். குடியை விடுவதற்காக 21 நாள் உள்ளேயே தங்கிச் சிகிச்சை முடித்து வந்து மூன்று வாரம் ஆகிறது. டிஸ்சார்ஜ் அட்டையில் "ஏ.ஏ. கூட்டத்துக்குத் தொடர்ந்து செல்லவும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் அமைப்பாம். எந்தக் கூட்டம், எங்கே, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று எதுவும் இல்லை.

மதுரைக்குள் ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு தடவை போனார். "எல்லாரும் அவங்கவங்க கதையைச் சொல்றாங்க, பாதி இங்கிலீசு, நமக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டார். அது சர்ச் வளாகத்துக்குள் நடந்ததால் அவருடைய அம்மாவுக்கும் மனசு ஒப்பவில்லை. பட்டறை ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

வேலை காலை 8.30 முதல் மாலை 5.30 வரை. ஞாயிறு லீவு, சனிக்கிழமை கூலி. பைக் இருக்கிறது. தமிழ் மட்டும்தான் தெரியும், அதுவும் வேகமாக வாசிக்க வராது. இவருக்கு ஏற்ற கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வைகை வடகரை:

தம்பி, ஒரே ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒத்துவராது என்று முடிவு கட்ட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். ஏ.ஏ.வில் ஒவ்வொரு குழுவும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். மேலிருந்து உத்தரவு போடும் ஆபீஸ் கிடையாது. அதனால் ஒரு குழுவின் பேச்சு, வேகம், மொழி எதுவும் அடுத்த குழுவில் அப்படியே இருக்காது. குறைந்தது மூன்று வேறு குழுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். முதல் தடவை யாருக்குமே காதில் ஒன்றும் ஏறாது. யார் பார்க்கிறார்கள், எப்போது முடியும் என்பதிலேயே மனசு இருக்கும்.

கூட்டத்தில் வகை உண்டு. "ஓப்பன்" என்றால் குடும்பத்தார், மாணவர், யார் வேண்டுமானாலும் வரலாம். "குளோஸ்டு" என்றால் குடிப்பழக்கம் உள்ளவர்கள், அதை விட விரும்புகிறவர்கள் மட்டும். பட்டறை ஆள் பார்த்துவிடுவார் என்ற பயம் உள்ளவருக்கு குளோஸ்டு கூட்டம் நல்லது. அங்கே அவரைப் பார்க்கிற ஆளும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். நடத்துகிற விதமும் மாறும். ஸ்பீக்கர் கூட்டத்தில் ஒருவர் நீளமாகப் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். ஸ்டெப் கூட்டத்தில் குடியில் இருந்து மீள ஏ.ஏ. பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் ஒன்றை எடுத்து வாசித்துப் பேசுவார்கள். டிஸ்கஷன் கூட்டத்தில் ஒரு தலைப்பை வைத்து ஆளுக்கு ஐந்து நிமிஷம். மாமா போனது ஸ்பீக்கர் கூட்டமாக இருக்கும் என்று தோன்றுகிறது. வாசிப்பு சிரமம் என்பதால் ஸ்டெப் கூட்டமும் முதலில் வேண்டாம். புத்தகத்தைச் சுற்றி அனுப்பி ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்வார்கள், அந்தக் கூச்சத்திலேயே மறுவாரம் வரமாட்டார். "நான் கேட்கிறேன்" என்று புத்தகத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் அது புதிதாக வருகிறவருக்குத் தெரியாதே. பத்துப் பதினைந்து பேர் வருகிற தமிழ் டிஸ்கஷன் கூட்டமாகத் தேடுங்கள். ஐம்பது பேர் கூடும் இடத்தில் பின்வரிசையில் ஒளிந்துகொண்டு யாரிடமும் பேசாமல் திரும்பிவிடலாம். நாலு பேர் வரும் இடத்தில் இரண்டு பேர் ஊருக்குப் போனால் அன்றைக்குக் கதவே திறக்காது.

கிழமைதான் எல்லாவற்றையும் விட முக்கியம். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10க்கு மூடுகிறது. இவருக்கு 5.30க்கு வேலை விடுகிறது, சனிக்கிழமை கையில் கூலி. ஆக, வாரத்தில் மிக ஆபத்தான நேரம் சனி மாலை 5.30 முதல் 8.30 வரை. முதல் கூட்டத்தைச் சனிக்கிழமையாகத் தேர்ந்தெடுங்கள், அது அவ்வளவு சிறப்பான கூட்டமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது ஞாயிறு காலை அல்லது மாலை. லீவு நாளில் வீட்டில் சும்மா இருப்பதும் சனி மாலைக்குச் சளைத்ததில்லை. மூன்றாவதாக வார நடுவில் ஒன்று, செவ்வாய் அல்லது புதன். முதல் மூன்று மாதம் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. தினமும் கூட்டம் நடக்கும் பெரிய ஊர்களில் அது நடக்கும். திருமங்கலத்தில் இருந்து வண்டி ஓட்டிப் போகிறவருக்கு வாரம் மூன்று, மீதி நாளில் ஆன்லைன் அல்லது போன் என்று வைத்தால்தான் நிற்கும். முதல் வாரமே ஏழு நாளும் ஓடினால் மூன்றாம் வாரம் அலுத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்.

தூரத்தையும் கணக்குப் போடுங்கள். திருமங்கலத்தில் இருந்து பெரியார் பேருந்து நிலையம் 20 கிலோமீட்டர் சுமார். கூட்டம் 7க்குத் தொடங்கி 8.30க்கு முடிந்தால் வீடு சேர 9.30 ஆகும். பட்டறையில் இருந்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக் கிளம்பினால் பாதி நாள் கிளம்பவே மாட்டார். கப்பலூரில் இருந்து நேராகவே போகட்டும். பசியோடு போகக் கூடாது. பசியும் களைப்பும் சேர்ந்தால் குடிக்கும் ஆசை வேகமாக ஏறும். போகிற வழியில் இரண்டு இட்லி, ஒரு டீ கட்டாயம். பழகிய கடை இருக்கிற ரோட்டைத் தவிர்த்து, இரண்டு கிலோமீட்டர் சுற்றானாலும் வேறு ரோட்டில் போகட்டும்.

பட்டியலுக்கு ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். கிழமை மாறியிருக்கும், கட்டடம் மாறியிருக்கும், போட்டிருக்கிற நம்பர்க்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார். அன்றைக்கு மதியமே போன் போட்டு உறுதி செய்யுங்கள். கேட்க வேண்டியது: இன்றைக்குக் கூட்டம் உண்டா, எந்த கேட், மாடியா கீழா, தமிழில்தானா, ஓப்பனா குளோஸ்டா, வழக்கமாக எத்தனை பேர், ஐந்து வருஷத்துக்கு மேல் குடிக்காமல் இருக்கிறவர்கள் எத்தனை பேர் வருகிறார்கள். கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். எல்லாருமே புதியவர்களாக இருக்கிற கூட்டத்தில் தடுமாறும்போது பிடித்துக்கொள்ள ஆள் இருக்காது. போனை மாமாவே போடுவது நல்லது. நீங்கள் போட்டால் "அவரைப் பேசச் சொல்லுங்க" என்றுதான் பதில் வரும். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: சர்ச் அறை, பள்ளிக்கூட வகுப்பறை, ஆஸ்பத்திரி ஹால் எல்லாம் வாடகைக்கோ இலவசமாகவோ கிடைக்கிற இடம், அவ்வளவுதான். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. படிகளில் கடவுள் என்ற சொல் வரும், "அவரவர் புரிந்துகொண்டபடி" என்ற வார்த்தையோடு வரும். கடைசியில் ஒரு சின்னப் பிரார்த்தனை சொல்வார்கள். அதைச் சொல்லாமல் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

எச்சரிக்கை ஒன்று. சில குழுக்களில் வந்த அன்றே வாட்ஸப் குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். அதில் நம்பரும் போட்டோவும் எல்லாருக்கும் தெரியும். கம்பெனி சட்டையில் எடுத்த போட்டோ இருந்தால் முதலில் மாற்றட்டும், இல்லாவிட்டால் "ஒரு மாசம் கழித்துச் சேர்கிறேன்" என்று சொல்லட்டும். ஆதார் நம்பர், முகவரி, கம்பெனி பெயர் எதையும் ஏ.ஏ.வில் கேட்கக் கூடாது. வருகைப் பதிவேடும் கட்டணமும் கிடையாது. முடிவில் ஒரு பை சுற்றி வரும், இஷ்டப்பட்டால் பத்து இருபது போடலாம், கையை வெறுமனே விட்டு எடுக்கலாம். ஒருவர் உங்களை ஏதாவது மையத்தில் சேர்க்கத் துடித்தாலோ, மருந்து விற்றாலோ, கைமாற்று கேட்டாலோ, அடுத்த வாரம் வேறு குழுவுக்குப் போங்கள்.

---

கப்பலூர் வாசி:

ரொம்ப நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். அட்டையில் டைசல்ஃபிரம் 250 மி.கி. தினமும் ஒன்று, தயமின் மாத்திரை என்று இருக்கிறது. "கூட்டத்துக்குப் போறவன் மாத்திரை போட்டா அது நிஜமான நிறுத்தல் இல்ல" என்று அங்கே ஒருவர் சொன்னாராம். இன்னொன்று, மாமா மாத்திரையை விட்டுவிட்டால் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்துவிடு என்று அக்காவுக்குப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

---

வார்டு சிஸ்டர்:

குழம்பில் கலக்கக் கூடாது. இன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிடுங்கள் தம்பி.

டைசல்ஃபிரம் வேலை செய்யும் விதம் இது. சாராயம் உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் உண்டாகும். அதை மேலும் உடைக்கிற நொதியை இந்த மாத்திரை தடுத்துவிடும். அதனால் குடித்தால் நச்சு ரத்தத்தில் சேரும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். மாத்திரை போட்டிருக்கிறோம் என்று தெரிந்த மனிதர் அந்தப் பயத்தால் குடிக்காமல் இருப்பார். தெரியாதவர் வழக்கம்போல ஒரு குவார்ட்டர் போடுவார். விளைவு ஐ.சி.யு.வில் தெரியும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த எதிர்வினை வரலாம், ஆகவே "நேத்தே நிறுத்திட்டேன், இன்னிக்குக் குடிக்கலாம்" என்பது நடக்காது. அதே மாதிரி, ஒருவேளை குடித்துவிட்டால் கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகாமல் மாத்திரையை மறுபடி தொடங்கக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: அரிஷ்டம், ஆசவம் எல்லாவற்றிலும் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு. சில இருமல் சிரப்பிலும் உண்டு. ஷேவ் செய்தபின் போடும் லோஷன், கை சானிடைசர் இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் டைசல்ஃபிரமோடு சேரக் கூடாது, புத்தி பேதலிக்கும் அளவுக்குக் கொண்டுபோகும். டிஸ்சார்ஜ் அட்டையை போட்டோ எடுத்து மாமா போனிலும் அக்கா போனிலும் வையுங்கள். எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்ட வேண்டும்.

மாத்திரை போட்டால் நிஜமான நிறுத்தல் இல்லை என்று சொன்னவர் தன் சொந்தக் கருத்தைச் சொல்லியிருக்கிறார். ஏ.ஏ. மருந்து விஷயத்தில் தலையிடுவதில்லை. உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பதுதான் அங்கேயே சொல்லித் தருவது. தயமின் என்பது பி1 சத்து மாத்திரை, அதை விடவே கூடாது. பல வருஷம் குடித்தவர்களுக்கு பி1 சத்து குறைந்து நினைவும் நடையும் தடுமாறும் ஆபத்து இருக்கிறது. எப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போய் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்கும் பழக்கம் நம் ஊரில் உண்டே, அப்போது குடிப்பழக்கம் இருந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு கிளம்பலாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. தினமும் குடிக்கிறவர், காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருக்கிறவர், கூட்டத்துக்குப் போகிறேன் என்று திடீரென்று வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்தில் இருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளில் இருந்து நாலாம் நாள் வரை ஆள் தெரியாமல் உளறல், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, காய்ச்சல், கடும் வியர்வை என்று போனால் அது உயிருக்கே ஆபத்தான நிலை, 108 கூப்பிட வேண்டும். மாலை போடும் நாளில் சட்டென்று விட்டுவிட்டு மூன்றாம் நாள் வலிப்போடு வருகிறவர்கள் ஒவ்வொரு கார்த்திகையிலும் உண்டு. முதலில் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு ஓ.பி.க்குப் போங்கள், ஐந்து முதல் ஏழு நாள் மருந்து கொடுத்துப் பத்திரமாகக் குடியை நிறுத்த வைப்பார்கள். பிறகு கூட்டம். வீட்டில் இருந்தே ஆலோசனை கேட்க டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, இரண்டும் கட்டணம் இல்லை.

---

அனுப்பானடி மதினி:

அக்காவைப் பற்றி யாரும் பேசவில்லையே. அக்காவுக்கும் ஒரு கூட்டம் வேண்டும். குடிக்கிறவர்களின் குடும்பத்துக்கு என்றே அல்-அனான் இருக்கிறது, 1951இல் தொடங்கியது, ஏ.ஏ.வில் இருந்து தனியானது. பிள்ளைகள் பதின்ம வயதில் இருந்தால் அவர்களுக்கு அலட்டீன். மதுரைப் பக்கம் அவரவருக்கு எது எட்டுகிறதோ அதில் சேரட்டும். நேரில் எட்டாவிட்டால் தமிழில் நடக்கும் ஆன்லைன் கூட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அக்கா மாமாவோடு வாசல்வரை போவது முதல் இரண்டு வாரத்துக்குச் சரி. பிறகு நிறுத்திக்கொள்ள வேண்டும். பொண்டாட்டி கூட்டிவந்து விட்டுப்போகிற ஆள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார், தன் காரியம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார். ஓப்பன் கூட்டம் நடக்கும் நாளில் மட்டும் சேர்ந்து போகலாம். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்ததும் வாயை முகர்ந்து பார்ப்பது, பாக்கெட்டைத் துழாவுவது, "அங்க என்ன பேசினீங்க" என்று குடைவது மூன்றையும் விட வேண்டும். அங்கே பேசியது அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர் வாயைத் திறக்கிறார். சோறு எடுத்து வைத்து, "சாப்பிடுங்க" என்று மட்டும் சொன்னால் போதும்.

கூலி விஷயத்தை இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். சனிக்கிழமைக் கூலியை முதலாளி வங்கிக் கணக்கில் போட முடியுமா என்று மாமாவே கேட்கட்டும். போனில் பணம் அனுப்பும் செயலி இருந்தால் அதற்கு அன்றாட வரம்பு வைக்கலாம். அக்கா பிடுங்கி வைப்பதும் மாமா கேட்டு ஒப்படைப்பதும் ஒன்றில்லை. பிடுங்கினால் சண்டை வரும், சண்டை வந்தால் குடிக்கக் காரணம் கிடைக்கும்.

பெண்களே குடிப்பழக்கத்தில் இருந்து வெளிவர நினைத்தால், ஆண்கள் மட்டும் உட்காரும் அறைக்குள் தனியாகப் போக வேண்டியதில்லை. பெண்கள் கூட்டம் இணையத்தில் நடக்கிறது, குழு தொடர்பாளரிடம் பெண் உறுப்பினர் ஒருவரின் நம்பர் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

---

உசிலை மேற்கு:

மதுரைக்கு வர முடியாதவர்களுக்காக எழுதுகிறேன். உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் இருந்து 40 கிலோமீட்டர் வாரம் மூன்று தடவை நடக்காத காரியம். குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஏ.ஏ. குழுதான், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். மதுரைக் குழுவில் மூன்று நான்கு மாதம் போய்வந்த பிறகு, பழைய உறுப்பினர் ஒருவர் மாதம் ஒரு தடவையாவது வந்து உட்கார ஒப்புக்கொண்டால் ஊரில் தொடங்கலாம்.

தொடங்கினால் இடத்தை விட சாவி முக்கியம். சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் வராத அன்று வாசலில் நிற்கிற புதியவர் நேராகக் கடைக்குப் போவார். இரண்டு பேரிடம் சாவி இருக்கட்டும். கட்சிக்காரர் மண்டபம், சாதிச் சங்க மண்டபம் வேண்டாம், பாதிப்பேர் உள்ளே வரமாட்டார்கள். பள்ளிக்கூட அறை, நூலகத்தின் பின்அறை, ஆரம்ப சுகாதார நிலையக் கூடம் பரவாயில்லை. கிழமையையும் நேரத்தையும் ஒரு வருஷத்துக்கு மாற்றாதீர்கள். கோயில் திருவிழா என்றாலும், சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே மதுரையில் இருந்தாலும், இரண்டு பேராவது அந்த நேரத்தில் கதவைத் திறந்து உட்கார வேண்டும். திருவிழா, கிடா வெட்டு, கல்யாணம், தேர்தல், இந்த நாட்களில்தான் விட்டவர் மறுபடி தொடுகிறார்.

மாலை போட்டவர்கள், கயிறு கட்டியவர்கள் கூட்டத்துக்கு வந்தால் வரவேற்க வேண்டும். சாமிக்குப் பயந்து 48 நாள் இருந்தது பெரிய காரியம். ஆனால் மாலை கழற்றும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை ஒருவர் அவர் வீட்டுக்குப் போகட்டும், மறுநாள் கூட்டத்துக்கு அவரைத் தலைமை தாங்கச் சொல்லுங்கள். 49ஆம் நாளுக்கு ஒரு வேலை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

---

கப்பலூர் வாசி:

எல்லாருக்கும் நன்றி. மாமாவே போன் போட்டார். சனிக்கிழமைக்கு இரண்டு கிடைத்திருக்கிறது. ஒன்று மதுரைக்குள், மாலை 7 மணி, தமிழ், குளோஸ்டு, பன்னிரண்டு பேர் வருவார்களாம். இன்னொன்று இரவு 8 மணிக்கு போனிலேயே தமிழ்க் கூட்டம். அலைச்சல் இல்லையே, போனில் இருந்துவிடுகிறேன் என்கிறார். வழிகாட்டி என்று ஒருவரை உடனே பிடிக்க வேண்டுமா?

---

வைகை வடகரை:

நேரில் போகச் சொல்லுங்கள் தம்பி. சனிக்கிழமை 5.30க்கு வேலை விட்டு 8 மணிவரை அவர் எங்கே இருப்பார்? அந்த இரண்டரை மணி நேரத்துக்குத்தான் கூட்டமே. போன் கூட்டத்தை வியாழனுக்கு வைத்துக்கொள்ளட்டும். மழை, வண்டி ரிப்பேர், ஓவர்டைம் வந்த நாளுக்கும் அது உதவும். போன் கூட்டத்தில் இருக்கும்போது வீட்டு வாசலில் நடந்துகொண்டு கேட்கக் கூடாது. ஓர் அறையில் உட்கார்ந்து, இயர்போன் போட்டு, பெயருக்குப் பதில் முதல் எழுத்தை மட்டும் வைக்க வேண்டும்.

வழிகாட்டியை, ஏ.ஏ.வில் ஸ்பான்சர் என்பார்கள், உடனே பிடிக்க வேண்டியதில்லை. முதல் மாதம் மூன்று பேருடைய நம்பர் வாங்கட்டும், தினமும் ஒருவருக்கு இரண்டு நிமிஷம் பேசட்டும். ஆசை வந்த பிறகு முதல் தடவையாக நம்பரைத் தேடினால் விரல் அமுக்காது, சும்மா இருக்கிற நாளிலேயே பேசிப் பழகியிருக்க வேண்டும். பிறகு அதில் ஒருவரைக் கேட்கலாம்: ஆணுக்கு ஆண், இரண்டு மூன்று வருஷமாவது குடிக்காமல் இருப்பவர், பன்னிரண்டு படிகளையும் தானே செய்து பார்த்தவர், இரவு 9 மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பவர். அதே பட்டறையில் வேலை செய்பவர் வேண்டாம், சொந்தக்காரர் வேண்டாம், பணம் கொடுக்கல் வாங்கல் உள்ளவரும் வேண்டாம். மூன்று மாதத்தில் ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், மனத்தாங்கல் வராது.

ஒருவேளை இடையில் குடித்துவிட்டாலும் கூட்டத்துக்குப் போகலாம், சேர்வதற்கு நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. அன்றைக்குப் பேசாமல் பின்னால் உட்கார்ந்து கேட்கட்டும், வண்டியை ஓட்டாமல் பஸ்ஸில் வரட்டும். டைசல்ஃபிரம் போட்டிருக்கிறவர் குடித்திருந்தால் கூட்டத்துக்குப் போகக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி.

இந்தச் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் அதே நம்பருக்கு மறுபடி ஒரு போன். "இன்னிக்கு வர்றேன், புதுசு, 6.45க்கு கேட்ல யாராவது நிக்க முடியுமா" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் நிற்பார்.